சாப்பாட்டுப் பொட்டலத்தில் வந்த ஏரி

டீக்கடையில பஜ்ஜி வாங்கினா பழைய நியூஸ்பேப்பர் துண்டுல வெச்சுக் கொடுப்பாங்க. எண்ணெய் ஊறின அந்தப் பேப்பரை என்னைக்காவது படிச்சிருக்கீங்களா? நான் படிப்பேன். பாதிச் செய்தி கிழிஞ்சு போயிருக்கும். மீதி என்ன ஆச்சுன்னு தெரியாமலே கையைத் துடைச்சு, கசக்கிப் போட்டுட்டு கிளாஸுக்கு ஓடிடுவோம்.

1870-ல், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன் அப்படி ஒரு பேப்பரைப் படிச்சான். அது அவன் மதியச் சாப்பாட்டைச் சுத்திக் கொடுத்த பேப்பர். மேற்கே ரொம்ப தூரத்தில், ஓரிகன் பக்கத்து மலைகளுக்கு நடுவே, ஆழமாகக் குழிஞ்ச ஒரு விசித்திரமான ஏரி இருக்குன்னு அதில் போட்டிருந்தது. படிச்சதும் அங்கே போயே ஆகணும்னு அவனுக்குத் தோணிடுச்சு. பின்னாளில் பெரிய ஆளான பிறகு அவரே இந்தக் கதையைச் சொல்லியிருக்கார்.

அவர் பேர் வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல். அந்த ஏரியின் பேர் கிரேட்டர் லேக். கிரேட்டர் சென்னை கார்ப்பரேஷனில் வர்ற கிரேட்டர் இல்லீங்க, எரிமலை வாயில் இருக்கும் பள்ளத்துக்குச் சொல்ற கிரேட்டர்! இன்னைக்கு அந்த ஏரியைச் சுத்தி ட்ரெக்கிங் போறவங்க எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் ஸ்டீலுக்குக் கடன்பட்டவங்கதான். அதே சமயம் அந்த ஏரிக்குள்ள இன்னைக்கு ஒரு உயிரினம் அழிஞ்சுட்டு வருது. அதுக்கான கணக்கிலும் இவர் பேர் இருக்கு. இந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஏரி எப்படி வந்ததுன்னு பார்ப்போம்

ஏரின்னா நமக்கு ஆறு வந்து சேரணும், மதகு வழியாத் தண்ணி வெளியே போகணும். இந்த ஏரிக்கு ரெண்டுமே கிடையாது. உள்ளே வர்ற ஆறும் இல்ல, வெளியே போற ஆறும் இல்ல.

சுமார் 7,700 வருஷத்துக்கு முன்னாடி அந்த இடத்தில் ஏரி இல்ல, மலை இருந்தது. ஏறக்குறைய 12,000 அடி உயர எரிமலை. அது ஒருநாள் வெடிச்சப்போ, அடியில் தேங்கியிருந்த பாறைக்குழம்பு கிட்டத்தட்ட 50 கன கிலோமீட்டர் அளவுக்கு வெளியே கொட்டிடுச்சு. கீழே தாங்கிட்டிருந்தது காலியானா மேலே இருக்கிற மலை எதன் மேல நிக்கும்? சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மலையின் தலைப்பகுதி அப்படியே உள்ளே இடிஞ்சு விழுந்தது. மிச்சமானது 8 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் அளவில் ஒரு பெரிய கிண்ணம். இப்படி இடிஞ்சு உருவாகிற பள்ளத்துக்கு ஜியாலஜியில் கால்டெரான்னு பேர்.

அப்புறம் மழை பெஞ்சது, பனி கொட்டிச்சு. எழுநூறு வருஷத்துக்கும் மேல இந்தக் கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமா நிறைஞ்சது. ஆவியாகிப் போற தண்ணியும் கசிஞ்சு போற தண்ணியும் வர்ற தண்ணிக்குச் சமமான உயரத்தில் மட்டம் நின்னுடுச்சு. ஆறு எதுவும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டாததால் தண்ணி அவ்வளவு தெளிவு. சாதாரணமாகவே சுமார் 100 அடி ஆழம் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும். நிறம் இங்க் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி நீலம்.

இதை ஸ்டீலோ வேற எந்த வெள்ளைக்காரரோ கண்டுபிடிச்சாங்கன்னு நினைச்சுடாதீங்க. அந்த வட்டாரத்தில் வாழும் கிளமத் மக்களின் முன்னோர்கள் மலை இடிஞ்சதை நேரில் பார்த்தவங்க. அதே மாநிலத்தில் ஃபோர்ட் ராக்ங்கிற குகையில், அந்த எரிமலைச் சாம்பலுக்கு அடியில், மரப்பட்டையில் பின்னின செருப்புகள் கிடைச்சிருக்கு. சாம்பலுக்கு அடியில் செருப்புன்னா, வெடிப்புக்கு முன்னாடியே அங்கே மனுஷங்க நடமாடியிருக்காங்கன்னு அர்த்தம். பாதாளத்துத் தலைவன் லாவோவுக்கும் வானத்துத் தலைவன் ஸ்கெல்லுக்கும் சண்டை நடந்தது, கடைசியில் லாவோவின் மலை அவன் மேலேயே இடிஞ்சு விழுந்தது, பிறகு அந்தப் பள்ளத்தில் தண்ணி நிறைஞ்சதுன்னு கிளமத் மக்கள் தலைமுறை தலைமுறையா ஒரு கதை சொல்லிட்டு வந்தாங்க. எரிமலை ஆராய்ச்சி பின்னாடி சொன்ன வரிசையும் ஏறக்குறைய இதேதான்.

வெள்ளைக்காரர்களில் முதலில் பார்த்தது 1853-ல் தங்கம் தேடிப் போன ஜான் வெஸ்லி ஹில்மனும் அவர் கூட்டாளிகளும். ஏரியைப் பார்த்தாங்க, ஒரு பேர் வெச்சாங்க, தங்கம் இல்லன்னதும் போயிட்டாங்க. கிரேட்டர் லேக்ங்கிற பேர் 1869-ல்தான் வந்தது. அதுக்கு அடுத்த வருஷம்தான் நம்ம பையன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சது.

பதிமூணு வருஷக் காத்திருப்பு

ஸ்டீல் பிறந்தது 1854-ல், ஒஹாயோ மாநிலத்தில். குடும்பம் கான்சாஸுக்கு வந்து, பிறகு 1872-ல் ஓரிகன் மாநிலத்து போர்ட்லண்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஏரி இருக்கிற மாநிலத்துக்கே வந்தாச்சு. நாமளா இருந்தா அடுத்த லீவுக்கே பையைத் தூக்கிட்டுக் கிளம்பியிருப்போம். ஆனா அன்னைக்கு மேப் ஆப் கிடையாது. ஏரி போர்ட்லண்டில் இருந்து ரொம்பத் தெற்கே, காட்டுக்குள்ள இருக்கு. விசாரிச்சா யாருக்குமே அப்படி ஓர் ஏரி தெரியல. அதைப் பார்த்த ஓர் ஆளைச் சந்திக்கவே பல வருஷம் ஆச்சு.

இதுக்கு நடுவில் பிழைப்பையும் பார்க்கணும் இல்லையா? போர்ட்லண்ட் தபால் அலுவலகத்தில் தபால்காரர்களை மேற்பார்வை பார்க்கிற வேலை கிடைச்சது. பெரிய பணக்காரர் இல்ல, விஞ்ஞானி இல்ல, அரசியல்வாதியும் இல்ல. மாசச் சம்பளக்காரர்.

1885 ஆகஸ்ட்டில்தான் போக முடிஞ்சது. ஒரு நண்பரோடு ரயிலிலும் குதிரை வண்டியிலும் போய், கிளமத் கோட்டையில் இருந்து கடைசி இருபது மைல் நடந்தார். அங்கே ஏறும்போது ஏரி கொஞ்சம் கொஞ்சமாத் தெரியாது. சரிவில் மரங்களுக்கு நடுவே ஏறிட்டே இருப்பீங்க, எதிரே வானம் மட்டும்தான். விளிம்பில் கடைசி அடியை வெச்சதும் காலுக்குக் கீழே ஆயிரம் அடி பள்ளத்தில் மொத்த ஏரியும் திறந்துக்கும். பதினைந்து வருஷம் மனசுல சுமந்த ஒன்றை அந்த முப்பது வயசு மனுஷர் அப்படித்தான் பார்த்தார்.

ஏரிக்கு நடுவே கூம்பு மாதிரி ஒரு தீவு இருந்தது. மந்திரவாதியின் தொப்பி மாதிரித் தெரியுதேன்னு அதுக்கு விசார்ட் தீவுன்னு பேர் வெச்சார். இன்னைக்கும் அதே பேர்தான்.

அந்தப் பயணத்தில் இன்னும் ரெண்டு முக்கியமான ஆளுங்க அங்கே வந்திருந்தாங்க. ஒருத்தர் ஜியாலஜிஸ்ட் ஜோசப் லெகான்ட். இன்னொருத்தர் ராணுவத்திலும் அமெரிக்க ஜியாலஜிகல் சர்வேயிலும் வேலை பார்த்த கேப்டன் கிளாரன்ஸ் டட்டன். விளிம்பில் நின்னு பார்த்தப்போ ஸ்டீலுக்கு ஒரு பயம் வந்தது. காடு இருக்கு, மரம் வெட்டுறவங்க வருவாங்க. நிலம் காலியா இருக்கு, யாராவது எழுதி வாங்கிடுவாங்க. அப்புறம் டிக்கெட் போட்டுத்தான் ஏரியைப் பார்க்கணும்னு ஆயிடும். இந்த இடம் யாருக்கும் சொந்தமாகக் கூடாது, எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்னு அங்கேயே முடிவு பண்ணிட்டார்.

கம்பி விட்டு ஆழம் பார்த்த கதை

ஊர் திரும்பினதும் அரசாங்கத்துக்கு மனு எழுதினார், கையெழுத்து வாங்கினார். 1886-லேயே அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் அந்த ஏரியைச் சுத்தியிருந்த நிலத்தை யாருக்கும் விற்கக் கூடாதுன்னு ஒதுக்கி வெச்சார். ஆனா அது தற்காலிகத் தடை மாதிரிதான். தேசியப் பூங்கான்னு நாடாளுமன்றம் சட்டம் போட்டாத்தான் நிரந்தரம்.

அதே வருஷக் கோடையில் டட்டன் தலைமையில் ஏரியின் ஆழத்தை அளக்க ஒரு குழு கிளம்பிச்சு. ஸ்டீலும் அதில் சேர்ந்தார். படகுகளைக் கொண்டு சேர்ப்பது அவர் பொறுப்பு. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் மோட்டார் கூரியரில் வரலன்னு புலம்புறோமே, இவங்க லாஜிஸ்டிக்ஸைக் கேளுங்க. படகுகளை போர்ட்லண்டில் செஞ்சாங்க. ரயிலில் ஆஷ்லண்ட் ஊர் வரைக்கும் கொண்டுவந்தாங்க. அங்கிருந்து சுமார் நூறு மைல் குதிரை வண்டியில், சரியான ரோடே இல்லாத மலையில் ஏத்தினாங்க. பெரிய படகுக்கு கிளீட்வுட்னு பேர், எடை அரை டன். இதை எல்லாம் விளிம்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை. சுத்திலும் செங்குத்துச் சரிவு, கால் வெச்சா உதிர்ற பாறை. கயிறு கட்டி, அந்தச் சரிவு வழியா, உடையாமத் தண்ணியில் இறக்கிட்டாங்க.

அளந்த முறையும் ரொம்ப எளிமை. பியானோவில் போடுற மெல்லிய இரும்புக் கம்பியை உருளையில் சுத்தி, நுனியில் ஈயக் குழாயைக் கட்டி, தண்ணிக்குள்ள விடணும். எடை அடியில் தட்டினதும் எவ்வளவு கம்பி போயிருக்குன்னு கணக்குப் பார்க்கணும். படகு எந்த இடத்தில் நிக்குதுங்கிறதை விளிம்பில் இருந்த சர்வேயர்கள் கோணம் அளந்து குறிச்சுக்குவாங்க. நாம இரண்டாம் வருஷ சர்வே கேம்ப்பில் வெயிலில் நின்னு பண்ணினோமே, அதே முக்கோணக் கணக்குதான். இப்படி 168 இடத்தில் கம்பி விட்டாங்க.

கிடைச்ச அதிகபட்ச ஆழம் 1,996 அடி. பின்னாடி சோனார் வெச்சு அளந்ததில் 1,940 அடியைச் சொச்சம் தாண்டுது. கையால் விட்ட கம்பிக்கும் ஒலி அலைக் கருவிக்கும் வித்தியாசம் மூணு சதவீதத்துக்குள்ள! ஐஃபல் டவரை உள்ளே நிறுத்தி, அதன் தலை மேல இன்னொரு ஐஃபல் டவரை நிறுத்தினா, ரெண்டாவது டவரிலும் முக்கால் பங்கு மூழ்கிடும். அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி அதுதான். இந்த எண் கையில் கிடைச்ச பிறகு ஏரியைப் பத்திப் பேச ஸ்டீலுக்கு உறுதியான ஆதாரம் இருந்தது.

பதினேழு வருஷம்

பூங்கா மசோதா நாடாளுமன்றத்துக்குப் போச்சு, திரும்பிச்சு. மறுபடி போச்சு, மறுபடி திரும்பிச்சு. ஆடு மேய்க்கிறவங்களுக்கு மலைப் புல்வெளி வேணும். மரக் கம்பெனிக்கு மரம் வேணும். சுரங்கக்காரங்களுக்குத் தோண்ட அனுமதி வேணும். தலைநகரத்தில் இருந்தவங்களுக்கோ இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஏரியைப் பத்தி என்ன கவலை?

ஸ்டீல் கடிதம் எழுதிட்டே இருந்தார். கட்டுரை எழுதினார், பேசினார், சொந்தக் காசைச் செலவு பண்ணினார். மலைக்கு ஆட்களைக் கூட்டிட்டுப் போறதுதான் மலையைக் காப்பாத்த வழின்னு அவருக்குப் புரிஞ்சது. பார்க்காத ஒண்ணுக்காக யார் சண்டை போடுவாங்க? 1894 ஜூலை 19-ம் தேதி, ஓரிகனின் மிக உயரமான மவுன்ட் ஹூட் சிகரத்தில், மசாமாஸ்னு ஒரு மலையேற்ற கிளப்பை ஆரம்பிக்க முன்னால நின்னார். ஹால் புக் பண்ணி, ரிப்பன் வெட்டி இல்ல. நூத்துக்கும் மேற்பட்டவங்க, பெண்களும் சேர்ந்து, பனியில் ஏறி உச்சியில் வெச்சு ஆரம்பிச்ச கிளப் அது. பனிப்பாறை உள்ள ஒரு மலையில் ஏறியிருந்தால்தான் உறுப்பினர் ஆகலாம்னு அன்னைக்கு விதி இருந்தது. அந்த கிளப் இன்னைக்கும் நடக்குது.

1896-ல் மசாமாஸ் உறுப்பினர்கள் கிரேட்டர் லேக்குக்குப் பயணம் போனாங்க. இடிஞ்சு மறைஞ்சுபோன அந்தப் பழைய மலைக்கு அப்போதான் மவுன்ட் மசாமான்னு பேர் வெச்சாங்க. இல்லாத ஒரு மலைக்குப் பேர்! இன்னைக்கும் ஜியாலஜி புத்தகங்களில் அந்தப் பேர்தான் இருக்கு.

கடைசியில் 1902 மே 22-ம் தேதி அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். கிரேட்டர் லேக் தேசியப் பூங்கா ஆனது. விளிம்பில் நின்னு முடிவு பண்ணின நாளில் இருந்து பதினேழு வருஷம். ஒரு சப்ஜெக்ட்டில் ரெண்டு அரியர் வந்தாலே விட்டுடலாமான்னு யோசிக்கிற எனக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது.

முப்பத்தேழு மீன்கள்

இங்கே கட்டுரையை முடிச்சா நல்ல மோட்டிவேஷன் கதையா இருக்கும். ஆனா 1888-க்குக் கொஞ்சம் பின்னால போகணும்.

ஆறே இல்லாத ஏரின்னு சொன்னேன் இல்லையா? அப்போ மீன் எப்படி வரும்? வரல. ஆயிரக்கணக்கான வருஷமா அந்த ஏரியில் மீன் கிடையாது. ஸ்டீலுக்கு அது ஒரு குறையாத் தெரிஞ்சது. இவ்வளவு அழகான ஏரி, மீனும் இருந்தா தூண்டில் போட ஜனங்க வருவாங்க, வந்தா ஏரிக்கு ஆதரவு பெருகும். ரோக் ஆற்றில் இருந்து 600 ட்ரவுட் மீன்குஞ்சுகளை வாளியில் எடுத்துட்டு மலை ஏறினார். வழியெல்லாம் குஞ்சுகள் செத்துட்டே வந்தது. ஏரிக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தது 37.

படிச்சப்போ முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் பாவமா இருந்தது. அந்த வாளியைத் தூக்கிட்டு ஏறின மனுஷர் எவ்வளவு ஆசையோடு ஏறியிருப்பார்! அவரைப் பின்பற்றி மத்தவங்களும் 1941 வரைக்கும் மீன் விட்டுட்டே இருந்தாங்க. இன்னைக்கு ரெயின்போ ட்ரவுட், கோகனீ சால்மன்னு ரெண்டு வகை அங்கே தானாவே பெருகி வாழுது. இன்னைக்குப் பூங்கா நிர்வாகமே எவ்வளவு வேணும்னாலும் பிடிச்சுக்கோங்க, லைசன்ஸ் வேண்டாம்னு சொல்லுது.

மீன் வந்தா மீனுக்குத் தீனி வேணும். 1915-ல் ஏரியில் கிரேஃபிஷ் விட்டாங்க. நண்டுக்கும் இறாலுக்கும் நடுவே இருக்கிற மாதிரி, கொடுக்கு உள்ள நன்னீர் உயிர். அந்த வருஷம் பூங்காவின் கண்காணிப்பாளர் யார்னா, ஸ்டீல்தான்.

அந்த ஏரிக்குச் சொந்தமா ஒரு சின்ன உயிர் இருக்கு. மசாமா நியூட்னு பேர். பல்லி மாதிரி உடம்பு, தவளை இனத்துக்கு உறவு. உலகத்தில் வேற எங்கேயும் கிடையாது. மீனும் இல்லாம வேட்டையாடுற எதுவும் இல்லாம ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்ததில், தன் சொந்தக்காரங்களுக்கு இருக்கிற கடும் விஷம்கூட இதுக்குக் குறைஞ்சு போச்சு. எதிரியே இல்லாதவனுக்கு ஆயுதம் எதுக்கு? கொடுக்கோடு வந்த கிரேஃபிஷ் முன்னால அது என்ன பண்ணும்? கிரேஃபிஷ் அதைத் தின்னுது, அதோட இரையையும் தின்னுது, ஒளிய இருக்கிற கல் இடுக்கையும் பிடிச்சுக்குது. இன்னைக்குக் கரையின் பெரும்பகுதியில் கிரேஃபிஷ் இருக்கு. அது பரவின பக்கமெல்லாம் நியூட்டைக் காணோம். பாசியைத் தின்னுற சின்னப் பூச்சிகளையும் கிரேஃபிஷ் காலி பண்றதால், கரையோரத்தில் பாசி கூடுது. எந்தத் தெளிவுக்காக அந்த ஏரியைக் கொண்டாடுறோமோ, அதுக்கே சிக்கல்.

ஸ்டீலைத் திட்டணும்னு இதை எழுதல. மீன் இல்லாத தண்ணியில் மீன் விடறது அன்னைக்கு ஊருக்கு நல்லது பண்ற காரியமாத்தான் பட்டது. சூழலியல்ங்கிற படிப்பே அப்போ தவழ்ந்துட்டு இருந்தது. ஆனா ஏரி அதை எல்லாம் பார்க்குமா?

கண்காணிப்பாளர் ஸ்டீல்

பூங்கா ஆன பிறகு அவருக்கு அதை நடத்தணும்னு ஆசை. முதல் கண்காணிப்பாளரா வில்லியம் அரன்ட் பதினொரு வருஷம் இருந்தார். 1913-ல் அந்தப் பதவி ஸ்டீலுக்கு வந்தப்போ அரன்ட் நாற்காலியை விட மறுத்தார், கடைசியில் அதிகாரிகள் வந்து வெளியேத்த வேண்டியதாச்சு. அந்த இடத்து மேல ஆசை வெச்சவர் ஸ்டீல் ஒருத்தர் மட்டும் இல்லன்னு இதில் தெரியுது.

ஜனங்க வரணும், வந்தவங்க தங்கணும், சுத்திப் பார்க்கணும். இதுதான் அவர் கணக்கு. ஏரியைச் சுத்தி ரோடு போடுற வேலை 1913-ல் ஆரம்பிச்சது. போர்ட்லண்ட் தொழிலதிபர் ஆல்ஃபிரட் பார்க்ஹர்ஸ்ட்டைச் சம்மதிக்க வெச்சு, விளிம்பு மேலேயே ஒரு ஹோட்டல் கட்ட வெச்சார். கிரேட்டர் லேக் லாட்ஜ் 1915-ல் திறந்தாங்க. வருஷத்துக்கு நாற்பது அடிக்கு மேல பனி விழுற இடத்தில், பணம் பத்தாம, சரியான அஸ்திவாரம் இல்லாம கட்டின கட்டடம் அது. பனியின் எடையில் பல வருஷம் தள்ளாடி, 1989-ல் ஆபத்தானதுன்னு மூடினாங்க. பிறகு பெரும்பகுதியைப் பிரிச்சு மறுபடி கட்டி, 1995-ல்தான் திறந்தாங்க. சிவில் மக்களே, கேஸ் ஸ்டடி தேடறீங்கன்னா குறிச்சு வெச்சுக்கோங்க.

ஸ்டீல் இதோட நிறுத்தல. தண்ணி வரைக்கும் கார் இறங்குற மாதிரி கால்டெரா சுவருக்குள்ள ரோடு வேணும்னு கேட்டார். 1916-ல் கண்காணிப்பாளர் பதவி முடிஞ்சு, பூங்காவின் கமிஷனரா, அதாவது அங்கே நடக்கிற சின்னக் குற்றங்களை விசாரிக்கிற நீதிபதி மாதிரி ஆன பிறகும் கேட்டுட்டே இருந்தார். பூங்கா நிர்வாகம் மறுத்துடுச்சு. யோசிச்சுப் பாருங்க. மரம் வெட்டுறவங்ககிட்ட இருந்து ஏரியைக் காப்பாத்தினவர்கிட்ட இருந்தே ஏரியைக் காப்பாத்த வேண்டிய நிலைமை. ஆனா அப்படி மறுக்க ஒரு பூங்கா நிர்வாகம் இருந்ததே அவர் பதினேழு வருஷம் அலைஞ்சதாலதான்.

கமிஷனர் பொறுப்பில் இருக்கும்போதே, 1934 அக்டோபரில், தன் எண்பதாவது வயசில் ஸ்டீல் காலமானார்.

நீங்க அங்கே நடந்தா

என்னைக்காவது உங்களுக்கு வாய்ப்புக் கிடைச்சா ஜூலைக்குப் பிறகு போங்க. அதுக்கு முன்னாடி பாதை எல்லாம் பனியில் கிடக்கும். லாட்ஜுக்குப் பக்கத்தில் இருந்து கார்ஃபீல்ட் சிகரத்துக்கு ஒரு பாதை ஏறும். ஏற ஏற ஏரி உங்களுக்கு இடது கைப் பக்கம் கீழே இறங்கிட்டே போகும். காலுக்கடியில் தண்ணியில் மிதக்கிற அளவுக்கு லேசான நுரைக்கல் நொறுங்கும். முழு ஏரியையும் ஒரே பார்வையில் பார்க்கணும்னா கிழக்கே 8,929 அடி உயர மவுன்ட் ஸ்காட்.

விளிம்பில் இருந்து கண்ட இடத்தில் கீழே இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. சரிவு முழுக்க உதிர்ற பாறை. தண்ணி வரைக்கும் போக அனுமதிச்ச பாதை ஒண்ணே ஒண்ணுதான். சுமார் 700 அடி வளைஞ்சு வளைஞ்சு இறங்கும் நடைபாதை. பேர் கிளீட்வுட். ஆமா, அந்த அரை டன் படகின் பேர்தான். கார் இறங்குற ரோடு வந்திருந்தா அங்கே இன்னைக்கு பார்க்கிங் லாட் இருந்திருக்கும். இப்போ இறங்கினா நடந்துதான் திரும்ப ஏறணும். அந்த மூச்சு வாங்கல்தான் கரையில் கூட்டத்தைக் குறைச்சு வெச்சிருக்குன்னு நினைக்கிறேன்.

இந்தக் கதையை எழுத உட்கார்ந்தப்போ, ப்ளேஸ்மென்ட் நேரத்தில் விடாமுயற்சியைப் பத்தி ஏதாவது எழுதலாம்னுதான் நினைச்சேன். பேப்பர் துண்டு, பதிமூணு வருஷம், பதினேழு வருஷம் எல்லாம் அதுக்குச் சரியாப் பொருந்தும். ஆனா படிக்கப் படிக்க அந்த வாளிதான் மனசுல நின்னுச்சு. நாமளும் அடுத்த வருஷம் இந்நேரம் எங்கேயோ ஒரு டீமில் எதையோ சரி பண்றோம்னு இறங்கியிருப்போம். ஏரி, அணை, ரோடு, சாஃப்ட்வேர், எதுவா வேணும்னாலும் இருக்கலாம். கெட்ட எண்ணத்தோடு பண்ணப் போறதில்ல. ஸ்டீலும் அப்படிப் பண்ணல.

அதனால அடுத்த தடவை மலைக்குப் போகும்போது ரெண்டு விஷயம் மட்டும் பண்ணுங்க. பிடிச்சுப்போன இடத்துக்கு யாராவது கெடுதல் பண்ண வந்தா, ஸ்டீல் மாதிரி சலிக்காம மனு எழுதுங்க. அந்த இடத்தை இன்னும் நல்லா ஆக்கணும்னு உங்களுக்கே கை துறுதுறுத்தா, வாளியைக் கீழே வெச்சுட்டு, முதலில் அங்கே என்ன வாழுதுன்னு கொஞ்ச நேரம் பாருங்க.